இத்தாலிக் கல்லும் ஒரு பக்கெட் தண்ணீரும்

சனிக்கிழமை காலையில் வசுமதி பின்பக்கத்து பால்கனிக் கதவைத் திறந்தபோது, மூங்கில் பலகை வெயிலில் போட்ட அப்பளம் மாதிரி வளைந்து கிடந்தது.

காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். காலால் ஒரு முனையை மெல்ல அழுத்தினாள். மறுமுனை எழுந்தது. காலை எடுத்தாள். ஊஞ்சல் போல ஆடி நின்றது.

"ஸ்வப்னா, கொஞ்சம் வந்து பாருடி."

ஸ்வப்னா பல் தேய்த்துக்கொண்டே வந்தாள். பிரஷ் வாயிலேயே நின்றுவிட்டது.

"அம்மா! என்ன பண்ணினே இதை?"

"ஒண்ணும் பண்ணலை. அலம்பினேன்."

"அலம்பினயா? மூங்கில் தரையை யாராவது அலம்புவாளா? ஈரத் துணியால லேசா துடைச்சா போதும்னு அன்னிக்கே சொன்னேனே!"

"நேத்திக்கு வெள்ளிக்கிழமை. வீட்டை அலம்பினேன். தரைன்னு சொல்லிக் கொண்டுவந்து வச்சே. அதையும் சேர்த்து அலம்பினேன்."

ஸ்வப்னா உள்ளே போய் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தாள்.

அந்த பால்கனியில் ஒரு வாரமாக மூங்கில் பலகை ஒரு பக்கமும், பாலாடை நிறத்தில் ஒரு இத்தாலிச் சலவைக்கல் வில்லை இன்னொரு பக்கமுமாக, இரண்டு கட்சிக் கொடிகள் போல இருந்தன. மூங்கில் ஸ்வப்னாவின் கட்சி. சுற்றுச்சூழல் ஆபீஸில் வேலை பார்க்கிற பெண். "மூங்கில் மறுபடி மறுபடி வளரும், மலையை உடைக்க வேண்டாம், கப்பலில் கொண்டு வர வேண்டாம்" என்று ஒரு வாரமாகப் பிரசாரம். பலகையை எங்கே வாங்கினாய் என்று கேட்டால் மட்டும், "ஆபீஸ்ல ஜெகன்னு ஒருத்தர் கொடுத்தார்" என்று சொல்லிவிட்டு ஃபேனைப் பார்ப்பாள். அந்த ஜெகன் எந்நேரமும் ஃபோன் பண்ணுகிற ஜெகன்தானா என்று வசுமதி இன்னும் கேட்கவில்லை.

சலவைக்கல் பத்ரியின் கட்சி. பத்ரி வசுமதியின் மைத்துனன். அவள் கணவர் ராமசுப்ரமணியனின் ஒரே தம்பி. தில்லியிலேயே ஆர்.கே.புரத்தில் இருந்தான். அண்ணா போய் இரண்டு வருடமாக ஆஸ்பத்திரி பாக்கி முதல் பென்ஷன் ஆபீஸ் வரை எல்லாவற்றுக்கும் அவன்தான் அலைந்தான். வசுமதிக்கு அந்த இரண்டு வருடத்தில் ஒரு வாக்கியம் நாக்கில் ஒட்டிக்கொண்டுவிட்டது: "சரி பத்ரி, நீ பாத்துக்கோ."

துவாரகாவில் சொசைட்டி ஃபிளாட் ராமசுப்ரமணியன் பேரில் விழுந்தது. சாவி கைக்கு வந்தபோது வாங்கிக்கொள்ள அவர் இல்லை. குவார்ட்டர்ஸைக் காலி செய்ய சர்க்கார் கொடுத்த அவகாசமும் முடியப் போகிறது. வைகாசியில் கிருகப்பிரவேசத்துக்கு மலை மந்திர் குருக்கள் நாள் குறித்தாகிவிட்டது. எல்லாம் முடிந்தது, தரையைத் தவிர. சொசைட்டிக்காரர்கள் போட்டுக் கொடுத்திருந்த தரையை அந்தக் கட்டடத்தில் யாரும் தரையாகவே மதிக்கவில்லை. 'சொசைட்டி கல்' என்று முகத்தைச் சுளித்துவிட்டு, வீட்டுக்கு வீடு பேர்த்துக் கொண்டிருந்தார்கள்.

போன வாரம் பத்ரி யாரையும் கேட்காமல் மங்கோல்புரி மார்க்கெட்டில் இத்தாலிக் கல்லுக்குச் சொல்லிவிட்டு வந்தான். ஸ்வப்னா கதவை அறைந்துவிட்டுப் போனாள். வசுமதி இரண்டு பேருக்கும் நடுவில் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு எந்தத் தரை பிடிக்கும் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவளுக்குப் பதில் தெரிந்திருக்காது. அதுதான் அவளை உறுத்தியது. ஐம்பத்திரண்டு வயதில் முதல் முதலாக ஒரு சொந்த வீடு. அதில் காலை எதன்மேல் வைக்க ஆசை என்று தனக்கே தெரியவில்லையே.

வாசலில் மாருதி ஹாரன் அடித்தது. பத்ரி வந்துவிட்டான்.

"மன்னி, ரெடியா? இன்னிக்கு லாரி வர்றது. துவாரகா போயிடலாம், ஜல்தி." உள்ளே வந்தவன் நேரே பால்கனிக்குப் போனான். அடுத்த நிமிஷம் அவன் சிரித்த சிரிப்பில் எதிர் வீட்டு ஜன்னல் திறந்தது.

"அடியே ஸ்வப்னா! தரைன்னு சொன்னே, உங்க அம்மா இதைத் தொட்டிலாக்கிட்டாளே! கிருகப்பிரவேசத்துக்கு வர்றவாளை வரிசையா உட்கார வச்சு ஆட்டிவிடலாம்!"

"சித்தப்பா, ப்ளீஸ்."

"நான் ஒண்ணும் சொல்லலைம்மா. இயற்கையே சொல்லிடுத்து."

வசுமதி ஒரு டம்ளர் எலுமிச்சம்பழ ஜூஸ் கொண்டுவந்து கொடுத்தாள். மே மாத வெயில் காலையிலேயே பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. பத்ரி பாதி குடித்தான். டம்ளரைத் தன் சலவைக்கல் வில்லையின்மேல் வைத்துவிட்டு, கல்லின் பெருமையைப் பேச ஆரம்பித்தான். ராஜாக்கள் அரண்மனைக்குப் போட்ட கல். பௌர்ணமியன்று லைட்டே போட வேண்டாம். முகம் பார்த்து மீசை ஒதுக்கிக்கொள்ளலாம். பேசி முடித்து டம்ளரை எடுத்தான்.

கல்லில் வட்டமாக ஒரு தழும்பு.

பத்ரி கட்டைவிரலால் தேய்த்தான். கைக்குட்டையை எடுத்துத் தேய்த்தான். குனிந்து ஊதினான். வட்டம் அப்படியே இருந்தது, மங்கலாக, பளபளப்பு செத்துப் போய்.

"புளிப்பு பட்டா கல் அரிச்சுடும், சித்தப்பா." ஸ்வப்னா இனிக்க இனிக்கச் சொன்னாள். "நம்மாத்துல எலுமிச்சை உண்டு, ரசம் உண்டு, வத்தக்குழம்பு உண்டு. ராஜாக்கள் ரசம் சாப்பிடலை போல இருக்கு."

"பாலிஷ் போட்டா போயிடும்" என்றான் பத்ரி. வில்லையைத் திருப்பிப் போட்டான். "கிளம்புங்கோ, கிளம்புங்கோ. டைம் ஆறது."

வசுமதி சமையலறைக்குள் போய்த் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

துவாரகா போகிற வழியெல்லாம் மெட்ரோவுக்காக எழுப்பிய தூண்கள் தலையில் ஒன்றும் இல்லாமல் நின்றன. லூ என்கிற அனல்காற்று ஜன்னல் வழியாக மண்ணை வாரி வீசியது. முன் சீட்டில் பத்ரி மொபைலில் யாரிடமோ, "ஹாங் பையா, ஷுரூ கர் தோ, ஷுரூ கர் தோ" என்று எதையோ ஆரம்பிக்கச் சொன்னான். வசுமதி அதைக் காதில் வாங்கவில்லை. அவள் யமுனையைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தாள். ஸ்வப்னா வழியில் ஒரு லாரியைக் காட்டிச் சொல்லியிருந்தாள்: "பார்த்தியா அம்மா, வீடு வீடா பேர்க்கற கல்லும் காரையும், இந்த மல்பா எல்லாம் ராத்திரியோட ராத்திரியா ஆத்தங்கரையில கொட்டிடறா."

சொசைட்டி வாசலிலும் அந்த மல்பாக் குவியல்தான் வரவேற்றது. உடைத்த காரை, சிமெண்ட் கட்டி, அவற்றின் நடுவில் உடையாத கற்களை யாரோ அடுக்கி வைத்திருந்தார்கள். மாடிப்படியில் எல்லா மாடியிலிருந்தும் சுத்தியல் சத்தம். மூன்றாவது மாடி வந்ததும் வசுமதி சாவியை எடுத்தாள்.

கதவு ஏற்கெனவே திறந்திருந்தது.

ஹாலின் மூலையில் இரண்டு ஆட்கள் குந்தி உட்கார்ந்து உளியும் சுத்தியலுமாகத் தரையைப் பேர்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பாய் விரிக்கிற இடம் அளவுக்குக் கல் போய், மணலும் சிமெண்டுமாகப் பள்ளம் தெரிந்தது.

"பேஷ், நான் கொடுத்த இன்னொரு சாவியில திறந்து ஆரம்பிச்சுட்டான்!" என்றான் பத்ரி. "லாரி வர்றதுக்குள்ள ஹால் முடிஞ்சுடும். மன்னி, ஓரமா நில்லுங்கோ, தூசி."

வசுமதி ஓரமாகத்தான் நின்றாள். இரண்டு வருடமாக ஓரமாகத்தானே நிற்கிறாள். அவள் காலடிக்கு உடைந்த கல் ஒன்று உருண்டு வந்தது. மேலே சுண்ணாம்பும் பெயிண்டும் சிமெண்டும் அப்பி, பார்க்கச் சகிக்காத கல். ஆனால் உடைந்த ஓரத்தில் வேறு ஒரு நிறம் இருந்தது. நீலமும் பச்சையும் சாம்பலும் கலந்து, மழை பிடித்துக்கொள்ளப் போகிற நேரத்து வானம் மாதிரி.

ஆள் மறுபடியும் சுத்தியலை ஓங்கினான்.

"பஸ்! பந்த் கரோ!" நிறுத்தச் சொன்னது வசுமதி.

வசுமதி தமிழ்ப் பள்ளியில் இருபத்தைந்து வருடமாகக் கணக்கு டீச்சர். ஐம்பது பிள்ளைகளை ஒரே வார்த்தையில் பெஞ்சில் உட்கார வைக்கிற குரல் ஒன்று அவளிடம் இருந்தது. அதைப் பள்ளிக்கூட கேட்டிலேயே விட்டுவிட்டு வருவாள். வீட்டில் யாரும் கேட்டதில்லை. இன்றைக்குக் கேட்டார்கள்.

ஓங்கிய சுத்தியல் அந்தரத்தில் நின்றது. அது மட்டுமா? மேல் மாடியில் சுத்தியல் நின்றது. கீழ் மாடியில் நின்றது. அந்தக் கட்டடம் முழுவதும் தப்புக் கணக்குப் போட்ட பையன் மாதிரி கப்சிப்பென்று ஆகிவிட்டது.

"மன்னி?" என்றான் பத்ரி.

அடுத்து என்ன செய்வதென்று வசுமதிக்கே தெரியவில்லை. கை மட்டும் தெரிந்து வைத்திருந்தது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள். கலவைக்காகத் தண்ணீர் நிரப்பி வைத்திருந்த டிரம்மிலிருந்து ஒரு பக்கெட் மொண்டாள். மூலையில் கிடந்த விளக்குமாறை எடுத்தாள். பள்ளத்துக்கு எதிர்ப்பக்கமாக, ஜன்னலடியில், வெள்ளிக்கிழமை தவறாமல் ஊற்றுகிற மாதிரி ஒரே வீச்சாக ஊற்றித் தேய்த்தாள்.

முதலில் வெள்ளைச் சேறு ஓடியது. இரண்டாவது பக்கெட்டில் சாம்பல். மூன்றாவது பக்கெட்டில் கல் கண்ணைத் திறந்தது.

ஜன்னலிலிருந்து கதவு வரைக்கும் குளத்தைக் கொண்டுவந்து விரித்த மாதிரி இருந்தது. ஒவ்வொரு கல்லும் ஒவ்வொரு நிறம். ஒன்று பச்சை கூடுதல், ஒன்று நீலம் கூடுதல், ஒன்றில் தவிட்டு நிறத்தில் ஒரு கீற்று. பெயிண்ட் சொட்டுகள் அங்கங்கே இருந்தன. இருந்துவிட்டுப் போகட்டும்.

"அரே!" ஸ்வப்னா செருப்பை உதறிவிட்டு உள்ளே வந்தாள். "அம்மா, இது கோட்டா ஸ்டோன். நம்ம பக்கத்து ராஜஸ்தான் கல். நான் ஒரு தடவைகூடக் குனிஞ்சு பாக்கலை."

"நீதான் சுற்றுச்சூழலாச்சே" என்றாள் வசுமதி, தேய்ப்பதை நிறுத்தாமல்.

"கிண்டல் பண்ணாதேம்மா. மத்லப், வெட்டியாச்சு, லாரில வந்தாச்சு, போட்டும் ஆச்சு. இதைப் பேர்த்து யமுனையில கொட்டிட்டு அதுக்கு மேல மூங்கில் போட்டா பூமிக்கு என்ன லாபம்? இருக்கறதை வச்சுக்கறதை விட ஈகோ-ஃப்ரெண்ட்லி என்ன இருக்கு? பாலிஷ் மெஷின் ஓட்டினா போதும்." அவளுக்குச் சிரிப்பும் வெட்கமுமாக வந்தது. "ஒரு வாரமா லெக்சர் அடிச்சேனே!"

பத்ரி மட்டும் வாசற்படியிலேயே நின்றுகொண்டிருந்தான். முகம் சிவந்திருந்தது.

"மன்னி, நீங்க சொன்னா சரி. ஆனா ஒண்ணு சொல்றேன். அண்ணா வேலைக்குச் சேர்ந்த நாள்லேர்ந்து சர்க்கார் போட்ட தரையில படுத்தார், சர்க்கார் போட்ட தரையிலேர்ந்தே போயிட்டார். ஒரு நாள்கூட ராஜா மாதிரி இருக்கலை. அவர் பேர்ல ஒரு வீடு. அதுலயாவது…" மூக்கை உறிஞ்சிக்கொண்டான். "கஞ்சத்தனம் பண்ணினான் தம்பின்னு இருக்கப்படாதுன்னு நினைச்சேன். வேற ஒண்ணும் இல்லை."

வசுமதி விளக்குமாறைச் சுவரில் சாய்த்தாள்.

ஒரு வாரமாகப் பத்ரி விற்றுக்கொண்டிருந்தது கல்லை அல்ல என்று இப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. கூடவே, தனக்கு எந்தத் தரை பிடிக்கும் என்பதும் புரிந்தது.

"பத்ரி, உங்க அண்ணா மே மாசத்துல என்ன பண்ணுவார் தெரியுமோ? கரண்ட் போயிடும். ஹால்ல ரெண்டு பக்கெட் தண்ணியை ஊத்தி வைப்பரால தள்ளுவார். பனியனோட படுத்துப்பார். நானும் இவளும் பக்கத்துல. கொஞ்ச நேரத்துல முதுகுக்குக் கீழ சூடாயிடும். உடனே 'நகரு, நகரு'ம்பார். மூணு பேரும் ஒரு புரள் புரண்டு புது இடத்துக்குப் போவோம். மறுபடி ஜில்லுனு இருக்கும். அப்படியே சுவர் வரைக்கும் புரண்டு போவோம். சுவர் வந்ததும் இவ சிரிப்பா பாரு, அக்கம் பக்கத்துல எல்லாரும் எழுந்துடுவா."

ஸ்வப்னா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதுதான் நம்ம ஏ.சி.ம்பார். அவர் ராஜா மாதிரி இல்லைன்னு யார் சொன்னா? அவர் போனப்புறம் நான் தரையில படுக்கலை. கட்டில்லதான் படுக்கறேன். இங்க வந்து இத்தாலிக் கல்லைப் போட்டா, பக்கெட் தண்ணி ஊத்த எனக்கு பயமா இருக்கும். வர்றவாளைப் பார்த்து, எலுமிச்சை சிந்தாதே, அங்க நிக்காதேன்னு காவல் காக்கணும். எனக்கு அலம்பற தரைதான் வேணும், பத்ரி. இது என் வீடு. நான் பாத்துக்கறேன்."

கடைசி வார்த்தை அவள் யோசித்துச் சொன்னதல்ல. சொன்ன பிறகுதான் மூன்று பேருக்கும் அது காதில் விழுந்தது.

பத்ரி மெல்ல ஷூவைக் கழற்றினான். சாக்ஸைக் கழற்றினான். பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு, கோவில் குளத்தில் இறங்குகிறவன் மாதிரி ஒரு காலை ஈரக் கல்லில் வைத்தான். அடுத்த காலையும் வைத்தான்.

"ஜில்லுனு இருக்கு, மன்னி."

"படுத்துப் பாரு."

"சஃபாரி சூட்டோடயா?"

"உங்க அண்ணா பட்டு வேஷ்டியோடயே படுத்திருக்கார். தலை தீபாவளி அன்னிக்கு."

பெரிய கம்பெனியில் சீனியர் மேனேஜரான பத்ரி படுத்துக்கொண்டான். ஸ்வப்னாவும் படுத்தாள். கொஞ்சம் தயங்கி வசுமதியும், இரண்டு வருடத்துக்குப் பிறகு, கன்னத்தைத் தரையில் வைத்தாள். கல் அவளைக் கேள்வி ஏதும் கேட்காமல் ஏற்றுக்கொண்டது.

உளி பிடித்த ஆட்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மதராஸிகள் வீட்டில் இது ஏதோ பூஜை போலிருக்கிறது என்று முடிவு பண்ணி, பீடி பற்றவைக்க வெளியே போனார்கள்.

"நகரு" என்றாள் ஸ்வப்னா.

"எங்கேடி நகர்றது, பக்கத்துல மலை மாதிரி உங்க சித்தப்பா இருக்கான்" என்றாள் வசுமதி.

"க்யா ஹுவா பெஹன்ஜி? கோயி கிர் கயா க்யா?" யாராவது விழுந்துவிட்டார்களா என்று வாசலில் ஒரு குரல் பதறியது. மேல் மாடி மிஸஸ் பாட்டியா. தலையில் டவல், கையில் ரொட்டிக் குழவி. கட்டடமே அதிர்ந்த சத்தத்தைக் கேட்டு இறங்கி வந்திருந்தாள்.

மூன்று பேரும் வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தார்கள். வசுமதி ஹிந்தியில் விஷயத்தைச் சொன்னாள். மிஸஸ் பாட்டியா ஈரத் தரையைப் பார்த்தாள். "ஹாய் ராம், எங்க வீட்டிலும் இதேதான் இருந்ததா?" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "நான் பேர்த்துத் தள்ளிவிட்டேனே! முழுசாக வந்ததெல்லாம் கீழே குவியலில் இருக்கிறது. உங்கள் பள்ளத்துக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள், பெஹன்ஜி."

"இவர் சொன்ன இத்தாலிக் கல் லாரியில் வந்துகொண்டிருக்கிறது" என்றாள் ஸ்வப்னா, ஹிந்தியில், குறும்பாக.

மிஸஸ் பாட்டியாவின் கண் பெரிதாயிற்று. "எனக்குக் கல் பற்றவில்லை. அப்படியே என் வீட்டுக்கு ஏற்றச் சொல்லுங்கள். பாத்ரூமுக்குப் போட்டுக்கொள்கிறேன்."

"பாத்ரூமுக்கா?" பத்ரி தமிழிலேயே அலறினான். "கப்பல்ல வந்த கல்லாக்கும் அது!"

கீழே லாரி ஹாரன் அடித்தது. பத்ரி முதுகில் ஈரத்தோடு வெறுங்காலில் படியிறங்கினான். மிஸஸ் பாட்டியா மேலே இடம் ஒதுக்கி வைக்க ஓடினாள்.

ஹாலில் அம்மாவும் பெண்ணும் மட்டும். ஜன்னல் வழியாக வெயில் விழுந்த இடத்தில் கல் காய்ந்து வெளுக்க ஆரம்பித்திருந்தது. வசுமதி இன்னொரு பக்கெட் மொண்டாள்.

"ஏண்டி, மூங்கிலை நான் வளைச்சுட்டேன்னு அந்த ஜெகன்கிட்ட சொல்லிட்டியா?"

ஸ்வப்னா ஃபேனைப் பார்க்கத் தலையைத் தூக்கினாள். இங்கே இன்னும் ஃபேன் மாட்டவில்லை.

"சொன்னேன். துவாரகா வந்துண்டிருக்கோம்னும் சேர்த்து கார்ல வரச்சே மெசேஜ் அனுப்பினேன்."

"என்ன சொன்னான்?"

"விழுந்து விழுந்து சிரிச்சானாம். அப்புறம், 'உங்க அம்மாவுக்கு என்ன பிடிக்கும்னு யாராவது கேட்டீங்களா'ன்னு கேட்டிருந்தான்."

வசுமதி பக்கெட்டைக் கீழே வைத்தாள். இவ்வளவு பெரிய தில்லியில் அந்தக் கேள்வியைக் கேட்க ஒருத்தன் இருந்திருக்கிறான். அவனை அவள் பார்த்ததில்லை. எந்த ஊர், எந்த ஜனம், ஒன்றும் தெரியாது. பத்ரிக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

பார்த்துத் தூக்கச் சொல்லிக் கீழே பத்ரியின் குரல் உற்சாகமாகக் கேட்டது. "ஷாபாஷ் பையா, ஜரா ஸம்பால் கே!" வசுமதி ஜன்னலுக்குப் போய் எட்டிப் பார்த்தாள்.

லாரிக்குப் பக்கத்தில் பத்ரி நின்று கையை ஆட்டி ஆட்டி உத்தரவு போட்டுக்கொண்டிருந்தான். லாரி ஆட்களோடு சேர்ந்து, தோளில் ஜோல்னாப் பை தொங்க, ஒல்லியாய்த் தாடி வைத்த ஒருத்தன், ஒரு நீளமான இத்தாலிக் கல்லின் மறுமுனையைத் தூக்கிக்கொண்டிருந்தான். ஆள் பற்றாமல் வழியில் போனவனைப் பத்ரி பிடித்துப் போட்டுவிட்டான் போலிருக்கிறது. பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தது ஒரு மூங்கில் துண்டு.

"ஸ்வப்னா, அந்தத் தாடிக்காரன் யாருடி?"

ஸ்வப்னா வந்து எட்டிப் பார்த்தாள். உடனே தலையை உள்ளே இழுத்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள். காது வரைக்கும் சிவந்துவிட்டது.

"அம்மா… புது பீஸ் கொண்டு வர்றேன்னுதான் சொன்னான். இன்னிக்கேன்னு சொல்லலை."

வசுமதி இன்னொரு தடவை கீழே பார்த்தாள். மலையை உடைக்கக் கூடாது என்கிற பையன் இத்தாலி மலையில் ஒரு துண்டைச் சுமந்துகொண்டு, வியர்க்க விறுவிறுக்கப் படியேறத் தயாராக நின்றான். பத்ரி அவன் முதுகில் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தான்.

அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள். காலையிலிருந்து இரண்டாவது தடவையாக அந்த வகுப்பறைக் குரல் வெளியே வந்தது.

"பத்ரி! கல்லை மேல கொடுத்துட்டு அந்தப் பிள்ளையை நம்மாத்துக்குக் கூட்டிண்டு வா. செருப்பை வாசல்லயே கழட்டச் சொல்லு. தரை ஈரமா இருக்கு!"

கீழே தாடிக்காரன் தமிழ்க் குரல் கேட்டு அண்ணாந்து பார்த்தான். அவன் எதற்கு விழிக்கிறான் என்று புரியாமல், பத்ரியும் அண்ணாந்து பார்த்தான்.